செப்புத் தகட்டில் ஏறிய அதிகாரம்: ஒல்லாந்தச் சித்திரங்களும் இணுவிலும்

பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியாரின் பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. மலையாளக் கரையையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் விவரித்துவிட்டு, கீழைத்தேய மக்களின் ‘விக்கிரக வணக்கம்’ பற்றித் தனியே ஒரு பகுதியையும் சேர்த்துக்கொண்ட நூல் அது. யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களின் மிகப் பழைய அச்சுப் படங்களுள் சில இந்நூலின் செப்புத் தகட்டுச் சித்திரங்களே. 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அந்தப் படையெடுப்போடு வந்த பல்தேயஸ் 1665 வரை யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். மல்லாகம், தெல்லிப்பழை, உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை என்று அவர் ஏறி இறங்கிய கோயிற்பற்றுகள் (தேவாலயப் பங்குகள்) பல. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே போகும்போது உடுவிலுக்கு முன்னால் வரும் இணுவில், அந்தக் கோயிற்பற்று வரிசையில் தனிப் பெயராக இடம்பெறவில்லை. அயலூரின் நிழலில் அடங்கிய ஊராகவே ஒல்லாந்தர் கணக்கில் அது இருந்தது.

பல்தேயஸின் படங்களை ஊர்க் காட்சிகள் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் விளங்கும். அவை வெளிவந்த காலம் ஐரோப்பாவில் பரோக் கலையின் காலம். அரசன், கொம்பனி, திருச்சபை, நகரம் என எந்த அதிகாரமும் தன்னைச் செப்புத் தகட்டில் உருவகமாக எழுதிக்காட்டிய காலம் அது. அந்த உருவக மொழியை முதலில் அறிந்துகொண்டால், அதே நூற்றாண்டுகளில் இணுவிலார் தங்கள் அதிகாரக் குறிகளை எங்கே வைத்துக் காத்தார்கள் என்பதும் தெளிவாகும்.

செப்புத் தகட்டு வேலை எளியதன்று. மெருகேற்றிய தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்குவது ஒரு முறை. மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு அரிக்கவிடுவது இன்னொரு முறை. இரண்டையும் ஒரே தகட்டில் கலந்து கையாண்டவர்களும் உண்டு. கோடுகளின் பள்ளத்தில் மை தங்கும்படி பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரமாக்கிய கடுதாசியை மேலே வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுப்பார்கள். படம் இடவலம் மாறி விழும் என்பதால், வாளேந்திய வலக்கையைத் தகட்டில் இடப்பக்கமாகவே வெட்டவேண்டும். நல்ல தகடு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேலான படிகள் எடுக்கலாம். தேய்ந்த கோடுகளை மறுபடி ஆழப்படுத்தி இன்னும் சில நூறு எடுத்தவர்களும் இருந்தார்கள். அரண்மனைச் சுவரில் தீட்டிய ஓவியத்தை அரண்மனைக்குப் போகிறவர்தான் பார்க்கலாம். தகட்டுச் சித்திரம் புத்தகத்தோடு கப்பலேறிப் போகும். அதிகாரத்துக்கு இந்தக் கலை பிடித்துப்போனதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

உருவகங்களுக்கு அகராதி ஒன்றும் இருந்தது. சேசரே ரீப்பா என்ற இத்தாலியர் தொகுத்த ‘இக்கனொலொஜியா’ 1593இல் உரோமையில் படமில்லாமல் அச்சாகி, 1603இல் படங்களோடு மீண்டும் வந்தது. 1644இல் டேர்க் பீட்டர்ஸ் பெர்ஸ் அதை ஒல்லாந்த மொழியில் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். நீதி, விவேகம், வெற்றி, செல்வம், புகழ் என்று கண்ணால் காணமுடியாத ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், பெரும்பாலும் ஒரு பெண். அவள் உடுப்பு என்ன நிறம், கையில் என்ன, காலடியில் எந்த விலங்கு என்றெல்லாம் அதில் விதித்திருந்தது. தராசும் வாளும் ஏந்தினால் நீதி. பாம்பு சுற்றிய கண்ணாடி ஏந்தினால் விவேகம். தமிழ் வாசகருக்கு இது புதிய உத்தியன்று. சோழர் மெய்க்கீர்த்திகளில் திருமகளும் நிலமகளும் சயமகளும் புகழ்மகளும் மன்னனுக்கு உரிமையாகி நிற்பதும் இந்த வகைதான். தமிழ்க் கல்வெட்டு அவர்களைச் சொல்லால் நிறுத்தியது. பரோக் சித்திரக்காரன் உடுப்பும் உருவமும் கொடுத்து, முகிலின்மேல் இருத்தினான். எந்தப் பெண் உயரத்தில் இருக்கிறாள், எந்தப் பெண் குனிந்து நிற்கிறாள் என்பதில்தான் படத்தின் அரசியல் முழுவதும் இருந்தது.

அந்த அரசியலை நாலு கண்டங்களின் உருவத்தில் மிகத் துலக்கமாகக் காணலாம். ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1570இல் வெளியிட்ட உலக வரைபட நூலின் முகப்பில் ஐரோப்பா முடியும் செங்கோலுமாக உச்சியில் வீற்றிருக்கிறாள். ஆசியா புகையும் தூபக்கலசத்தோடு ஒரு பக்கம், ஆபிரிக்கா நறுமணக் கொப்போடு மறுபக்கம். அமெரிக்கா கீழே, உடையில்லாமல், வெட்டிய தலையொன்றைக் கையில் பிடித்தபடி கிடக்கிறாள். ரீப்பாவின் ஆசியாவுக்குப் பூவும் கனியும் சேர்த்துத் தொடுத்த முடிமாலை. பொன்னும் மணியும் பதித்த ஆடை. ஒரு கையில் மிளகு, கராம்பு, கருவா இனக் கிளைகள். மறு கையில் தூபம். பக்கத்தில் முழங்காலிட்ட ஒட்டகம். செல்வத்தின் விவரம் எவ்வளவோ உண்டு, ஆனால் ஆயுதம் ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவுக்கோ முடி, கோயில், குதிரை, படைக்கலம், புத்தகம் எல்லாம் உண்டு. எதை யாரிடமிருந்து எடுக்கலாம் என்பதற்கான அட்டவணையாகவே இப்படங்களைப் படித்துவிடலாம். 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி அப்படித்தான் படித்தது என்று சொல்லலாம்.

பல்தேயஸ் யாழ்ப்பாணத்தில் இருந்த அதே ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமின் புதிய நகர மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. 1648இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தின் மேற்குப் பக்க முக்கோண முகட்டில் சிற்பி ஆர்ட்டஸ் குவெலினஸ் நாலு கண்டங்களையும் செதுக்கினார். அவை தங்கள் சரக்குகளைச் சுமந்துவந்து நடுவே நிற்கும் ஆம்ஸ்டர்டாம் கன்னிக்குக் காணிக்கை வைக்கின்றன. உச்சியில் உலக உருண்டையைச் சுமந்த அட்லஸ். சிற்பியின் தம்பி ஹூபர்ட்டஸ் அந்தச் சிற்பங்களையெல்லாம் செப்புத் தகட்டில் வெட்டிப் புத்தகமாக்கினார். பிறகு ஒல்லாந்தரின் பயண நூல்களுக்கும் வரைபட நூல்களுக்கும் முகப்பு வரைந்தவர்கள் இந்தக் காணிக்கைக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். கொடுக்கிறவர்கள் சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்துத் தலைவரியும், வன்னியில் பிடித்துக் கொண்டுவந்து விற்ற யானைகளும், முத்துக்குளிப்பின் வருமானமும் எப்படி வந்தன என்பது வேறு கதை. முகப்புப் படம் அந்தக் கதையைச் சொல்வதற்காக வரையப்பட்டதன்று.

பரோக் அதிகாரத்தின் இன்னொரு பெரிய உருவகம் தேர். பழைய உரோமையின் வெற்றி ஊர்வலத்தை நினைத்து, மன்னனைத் தேரேற்றி, குதிரைகளுக்கும் சில்லுகளுக்கும் நற்குணங்களின் பெயரிட்டார்கள். இதற்கு முன்மாதிரி, பேரரசன் மாக்சிமிலியனுக்காக ஆல்பிரெக்ட் டியூரர் உருவாக்கி 1522இல் வெளியிட்ட மரச்செதுக்கு அச்சுப் படம். அதில் தேரின் சில்லுகள் மாண்பு, மதிப்பு, கண்ணியம், புகழ் என்று பெயர் பெற்றன. பரோக் காலத்தில் இதைப் பெருக்கியவர் பீட்டர் பவுல் ரூபென்ஸ். 1638இல் ஸ்பானியப் படை காலோ என்ற இடத்தில் ஒல்லாந்தரைத் தோற்கடித்ததும், அன்ட்வெர்ப் நகர ஊர்வலத்துக்கென்று அவர் ஒரு வெற்றித் தேரை வரைந்து கொடுத்தார். வெற்றித் தேவதைகள் ஏறிய அந்தத் தேரில் பாய்மரம்போலப் படைக்கலங்கள் குவிந்து நிற்க, அடியில் கட்டுண்ட கைதிகள் இருந்தார்கள். தியோடோர் வான் தூல்டன் அதைத் தகட்டில் வெட்டிப் பரப்பினார். ஊர்வலம் ஒருநாளில் முடிந்தது, தகடு முடியவில்லை. இங்கிலாந்தில் 1651இல் தோமஸ் ஹொப்ஸின் ‘லெவியத்தான்’ நூலுக்கு ஆபிரகாம் போஸ் வெட்டிய முகப்பு இன்னும் ஒருபடி மேலே போனது. வாளும் குருத்துவக் கோலும் ஏந்தி மலைக்கு மேல் எழும்பும் அரசனின் உடல் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு மனிதர்களால் ஆனது. அத்தனை பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, நம் பக்கம் முதுகைக் காட்டி நிற்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே வைத்துப் பார்த்தால் பல்தேயஸின் கோயிற்பற்றுப் படங்கள் மிக அடக்கமானவை. முகிலும் தேவதையும் இல்லை. தேவாலயக் கட்டடம் நடுவே பெரிதாக நிற்கிறது, ஆட்கள் சிறிதாகத் தெரிகிறார்கள். ஆனால் உருவகம் இல்லாததுபோலத் தோன்றும் இந்தப் படங்களில்தான் அதிகாரம் அதிகம் பேசுகிறது என்று சொல்லலாம். அந்தத் தேவாலயங்களை ஒல்லாந்தர் புதிதாகக் கட்டவில்லை. பெரும்பாலானவை போர்த்துக்கேயக் கத்தோலிக்கக் குருமார் கட்டியவை. 1658க்குப் பிறகு சொரூபங்களை அகற்றி அவற்றைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு ஆக்கிக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். பிறப்பும் திருமணமும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறவேண்டும். காணி நிலம் காணித் தோம்பில் ஏறவேண்டும். தோம்பில் இல்லாத திருமணத்துக்குச் சட்ட மதிப்பில்லை, அதில் பிறந்த பிள்ளைக்கு முதுசச் சொத்தும் சிக்கல். ஆகவே வலிகாமத்துக் குடியானவன் ஒருவனுக்கு உடுவில் தேவாலயம் என்றால் பூசை இடம் மட்டுமன்று. எழுத்தரும் தண்டமும் இருந்த இடம். ஆம்ஸ்டர்டாமில் புத்தகத்தைப் புரட்டியவருக்கோ அது பொய்யிருளில் எழுந்த நற்செய்தி வீடு. ஒரே கட்டடத்துக்கு இரண்டு பொருள் உண்டு என்பதைத் தகடு காட்டாது.

தகடு காட்டாத வேறொன்றும் உண்டு. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை முடித்தபின், 1621இல் பிலிப்பே டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். குடாநாட்டுச் சைவக் கோயில்கள் பல அதே கதிக்கு உள்ளாயின. ஒல்லாந்தர் காலத் தொடக்கத்திலும் வெளிப்படையான சைவ வழிபாட்டுக்குத் தடை இருந்தது. பல்தேயஸின் படங்களில் ஊருக்கு ஊர் ஓங்கி நிற்கும் ஒரே பொதுக் கட்டடம் தேவாலயம்தான் என்றால், மற்றவை ஏற்கெனவே தரைமட்டமாக்கப்பட்டு விட்டதே காரணம்.

சைவ ஊர்களின் நடுவில் ஏழாண்டு இருந்த அவர், விக்கிரக வணக்கம் பற்றிய நூலின் மூன்றாம் பகுதிக்கு அந்த ஊர்களைக் கேட்டு எழுதவில்லை. அதன் பெரும்பகுதி இரண்டு கையெழுத்துப் படிகளிலிருந்து எடுத்தது. மலையாளக் கரையில் பணிசெய்த யேசுசபைக் குரு ஜாக்கொபோ பெனீசியோ எழுதிய போர்த்துக்கேயப் படி ஒன்று. ஓவியர் பிலிப் ஆங்கல் திருமாலின் பத்து அவதாரங்களைப் பற்றி எழுதிய ஒல்லாந்தப் படி மற்றது. இருவர் பெயரையும் பல்தேயஸ் சொல்லவில்லை. கடன் வெளியானது இருபதாம் நூற்றாண்டில்தான். அவதாரங்களுக்குரிய தகட்டுச் சித்திரங்கள் ஐரோப்பாவில் பெரிதும் பேசப்பட்டு, பின்வந்த நூல்களில் பலமுறை எடுத்தாளப்பட்டன. மீனின் வாயிலிருந்து எழும் நாற்கைத் திருமால், சங்குக்குள்ளிருந்து வரும் அசுரன், சிறகு முளைத்த வெள்ளைக் குதிரையாகக் கல்கி. சிறகுள்ள குதிரையைக் கண்ட ஆம்ஸ்டர்டாம் வாசகருக்குக் கிரேக்கக் கதையின் பெகாசஸ் நினைவுக்கு வந்திருக்கும். இணுவிலார் அப்படிப் படம் ஒன்றைக் கண்டிருந்தால் இது எந்த ஊர்ச் சாமி என்று கேட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பாதிரியார் எழுதிய நூலில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையாரும் முருகனும் வைரவரும் ஓரத்துக்குப் போய், வெளியூர் ஓவியங்களின் திருமால் நடுவில் வந்தது அந்த நூலின் பெரிய குறை. கிறிஸ்தவ வெற்றிக்கு எதிர்நிலையாகத் தெளிவான ஓர் உருவத் தொகுதி பதிப்பாளருக்குத் தேவைப்பட்டது. கையில் கிடைத்தது அது.

நூலின் இன்னொரு தகட்டு வேலை, தமிழ் எழுத்துகள். தமிழ் நெடுங்கணக்கும் மொழியின் சில இலக்கண விதிகளும் கர்த்தர் செபமும் அதில் அச்சாயின. தமிழெழுத்து அறியாத கைவினைஞன் படமாகப் பார்த்து வெட்டிய எழுத்துகள் என்பது சுழிகளிலேயே தெரியும். ஒல்லாந்தில் தமிழைத் தமிழ் வடிவிலேயே பலர் பார்க்க வாய்த்தது இதனால்தான்.

இந்தப் புத்தகம் விலையேறிய பெரிய தாள் பதிப்பு. இணுவிலுக்கு அது வந்திருக்க வழியில்லை. ஒல்லாந்த உருவக மொழியின் எந்தத் துண்டுகள் ஊராரின் கைக்கு எட்டின என்று கேட்டால், முதலில் நிற்பது காசு. 1726 முதல் அச்சடித்த கொம்பனியின் சிறு செப்புக் காசு ‘டொயிட்’. அதன் ஒரு பக்கம் ஒல்லாந்த மாகாணம் ஒன்றின் சின்னம், மறுபக்கம் மூன்றெழுத்தைப் பின்னிய கொம்பனி முத்திரையும் ஆண்டும். சந்தைக்குப் போன யாருடைய மடியிலும் அது இருந்தது. அடுத்தது, ஓலையிலும் கடுதாசியிலும் குத்திய முத்திரை. பிறகு யாழ்ப்பாணக் கோட்டை வாசல். போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருத்திக் கட்டி, வாசலில் 1680 என்று ஆண்டு பொறித்தார்கள். காலிக் கோட்டையின் வாசலில் 1669 என்ற ஆண்டோடு இரண்டு சிங்கங்கள் கொம்பனி முத்திரையைத் தாங்க, மேலே சேவல் ஒன்று நிற்கிறது. காலி என்ற ஊர்ப்பெயர் போர்த்துக்கேயர் காதில் தங்கள் மொழியின் சேவலாக (galo) விழுந்ததன் விளைவு அது. சிங்கமும் முத்திரையும் புத்தக முகப்பிலிருந்து கல்லுக்கு இறங்கிய பரோக் சித்திரம்தான். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிமுடித்த சிலுவைவடிவத் தேவாலயத்தின் தரையில் அதிகாரிகளின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. இலங்கையில் எஞ்சியுள்ள ஒல்லாந்தக் கல்லறைக் கற்களில் குலச்சின்னமும் தலைக்கவசமும் மேலே இருக்க, சிலவற்றில் மண்டையோடும் மணற்கடிகாரமும் கீழே வரும். அதிகாரம் நிலைக்காது என்று பரோக் கலை ஒப்புக்கொண்ட இடம் கல்லறைதான். புத்தக முகப்பில் அதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

இணுவிலின் சொந்த அதிகாரக் குறிகள் வேறிடத்தில் இருந்தன. முதலாவது, பெயர். யாழ்ப்பாண மன்னர்கள் பட்டத்துக்கு வரும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு பெயர்களை மாறிமாறிச் சூடுவது மரபு. இணுவிலில் செகராசசேகரப் பிள்ளையார் கோயிலும் உண்டு, பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும் உண்டு. நந்திக்கொடி இறங்கி, அரண்மனை அழிந்து, இடபமும் பிறையும் ‘சேது’ என்ற எழுத்தும் பொறித்த அரச காசு வழக்கொழிந்த பின்னும், அந்த முடிப்பெயர்கள் இரண்டும் பிள்ளையாரோடு ஒட்டிக்கொண்டு ஊர்வாயில் தங்கிவிட்டன. சிற்பத்தை உடைக்கலாம், செப்பேட்டை உருக்கலாம். பெயரைத் தண்டத்தாலும் தோம்பாலும் அழிப்பது கடினம் என்பதற்கு இணுவில் நல்ல சான்று.

இரண்டாவது, குடிவழி. யாழ்ப்பாண வைபவமாலையின் குடியேற்றக் கதையில் இணுவிலுக்கு வந்த தலைவன் பேராயிரவன். அந்த நூலை மயில்வாகனப் புலவர் 1736ஐ ஒட்டி எழுதினார். எழுதும்படி கேட்டவர் ஓர் ஒல்லாந்த அதிகாரி. பாயிரம் அவரை மேக்கறூன் என்கிறது. நாட்டை ஆள்வோருக்கு அதன் பழங்கதை தேவைப்பட்டது, புலவரும் எழுதிக் கொடுத்தார். ஆனால் கொடுத்த கதையில் மன்னரும் வேளாளத் தலைவரும் கோயில்களும் நிறைந்திருந்தார்கள். கேட்டவரின் பெயர் பாயிரத்தில் ஒரு வரியோடு நின்றுவிட்டது. பேராயிரவன் மரபில் வந்தவராகச் சொல்லப்படும் கைலாயநாதனை ஊரார் இளந்தாரி என்ற பெயரில் தெய்வமாக வணங்குகிறார்கள்.

அந்த இளந்தாரியைப் பாட்டுடைத் தலைவனாக்கி ‘பஞ்சவன்னத் தூது’ பாடியவர் இணுவில் சின்னத்தம்பிப் புலவர். ஒல்லாந்தர் காலத்தவர். தூது போன்ற சிற்றிலக்கியங்களில் தசாங்கம் பாடுவது வழக்கம். தலைவனின் மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, பரி, கரி, கொடி, முரசு, ஆணை என்ற பத்தையும் புலவர் வரிசையாக எடுத்துச் சொல்வார். பரோக் நூலின் முகப்புச் சித்திரம் செய்வதும் இதே வேலைதான். முடியும் கொடியும் முரசும் குதிரையும் சுற்றிவர, நடுவே தலைவன். வேறுபாடு, தமிழில் அது கேட்பதற்காகப் பாடியது. ஏடெடுத்துப் படிக்க ஒருவரும் சுற்றியிருந்து கேட்கச் சிலரும் இருந்தால் போதும், செப்பும் அச்சும் வேண்டாம். ஆளும் கொம்பனி இதைப் பார்த்தால் காதல் பாட்டென்று விட்டுவிடும். உள்ளே ஓர் ஊர்த் தலைவன் கொடியும் முரசும் ஆணையும் பெற்று அரசன் நிலையில் நிற்கிறான். புலவரை ஒல்லாந்தர் சிறையிட்டதாகவும், சிவகாமியம்மை மேல் பதிகம் பாடி அவர் சிறை மீண்டதாகவும் இணுவிலில் செவிவழிச் செய்தி வழங்குகிறது. ஒல்லாந்தச் சித்திரத்தில் நீதிக்குத் தராசும் வாளும் உண்டு. இணுவில் கதையில் பூட்டைத் திறப்பது அம்மை.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தடைகள் தளர்ந்தன. வணிகத்துக்குச் சைவ வேளாளரின் ஒத்துழைப்பு தேவை என்பதைக் கொம்பனி கண்டுகொண்டது. கச்சேரியில் உத்தியோகம் பார்த்த இரகுநாத மாப்பாண முதலியார் 1734இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை மீண்டும் எடுப்பித்தார். 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் ஊர்க் கோயில்கள் ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாறின. தேரும் சப்பறமும் மஞ்சமும் வெளி வீதிக்குத் திரும்பின.

இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் இந்த மீட்சியின் உச்சம். பெரிய சந்நியாசியார் என்று ஊரார் போற்றும் துறவியின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்தது அது. ‘உலகப் பெருமஞ்சம்’ என்று பெயர். தைப்பூசத்தில் முருகன் அதில் எழுந்தருளி வீதி வலம் வருவார். மரத்தால் அடுக்கடுக்காக எழும்பும் இவ்வகை வாகனத்தின் அடிப்பாகத்தில் பூதகணங்கள் பாரம் தாங்கும். மூலைகளில் யாளிகள் முன்னே பாயும். மேலே தேவரும் முனிவரும் கந்தர்வரும் தத்தம் இடத்தில் நிற்பார்கள். அச்சு இணக்குவதும், வளைவில் சில்லுக்கு முட்டுக்கட்டை கொடுப்பதும், வடத்தைத் தளரவிடுவதும் இறுக்குவதும் அனுபவம் மிக்கவர்களின் வேலை. தேர் உருவகத்துக்கு ரூபென்ஸ் வரைந்த காலோத் தேர் ஒரு கோடி என்றால் இது மறுகோடி. அங்கே ஒரு போரின் வெற்றியைக் காட்ட ஒருநாள் ஓடியது. இங்கே ஒவ்வோராண்டும் இழுப்பார்கள், வென்ற மனிதன் யாரும் மேலே இல்லை.

தமிழ்த் தேர்ச் சிற்பத்துக்குப் பின்னால் இருக்கும் கதை திரிபுர தகனம். பொன், வெள்ளி, இரும்பு என்ற மூன்று பறக்கும் நகரங்களை அழிக்கச் சிவன் ஏறும் தேரில் பூமி தட்டு, சூரியனும் சந்திரனும் சில்லுகள், நாலு வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. உலகம் முழுவதையும் ஒரு வாகனமாக மடித்துக் காட்டும் உருவகம் இதைவிடப் பெரிதாக ஐரோப்பியத் தகடு எதிலும் இல்லை. டியூரர் நாலு சில்லுக்கும் குணப்பெயர் வைத்ததும் ரூபென்ஸ் தேவதைகளை ஏற்றியதும் அதன் பக்கத்தில் சிறியவை. ஆனால் தமிழ் மரபு அந்தத் தேரை ஓடவிடவில்லை. புறப்படுமுன் பிள்ளையாரை நினைக்கவில்லை என்பதால் அச்சு முறிகிறது. தொண்டைநாட்டு அச்சிறுபாக்கம் அச்சு இற்ற ஊர் என்றே அறியப்படுகிறது. தேரைச் சரிசெய்து போய்ச் சேர்ந்த பின்னும் அம்பு எய்யும் வேலை நடக்கவில்லை. சிவன் சிரித்தார், நகரங்கள் எரிந்தன. தட்டும் சில்லும் வில்லும் நாணுமாக நின்ற தேவர்கள் அனைவருக்கும் வேலை இல்லாமற் போயிற்று. பரோக் வெற்றித் தேரில் அச்சு முறிவது நினைத்தும் பார்க்கமுடியாதது, ஏனென்றால் அங்கே தேர்தான் ஆளும் அரசு. இந்தக் கதையில் தேர் வெறும் தேர். அச்சைக் காப்பவர் பிள்ளையார். இரண்டு முடிப்பெயர்களையும் பிள்ளையாரிடம் ஒப்படைத்த ஊருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஒல்லாந்தச் சித்திரங்களின் பிற்காலம் பலவிதம். பல்தேயஸின் நூல் வெளியான 1672இலேயே ஜெர்மன் மொழிக்குப் போனது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சர்ச்சில் குடும்பத்தார் வெளியிட்ட பயண நூல் தொகுப்பில் ஆங்கிலத்தில் சேர்ந்தது. இலங்கைப் பகுதிக்கு பீட்டர் புரோகியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1960இல் இலங்கையிலேயே அச்சானது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் 1990ஐ ஒட்டிய போரில் அழிந்து, கல்லறைக் கற்களும் சிதறின. இன்று கோயிற்பற்றுப் படங்களைத் தேடுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலை வரலாறு எழுதுவோரும் சபை வரலாறு எழுதுவோரும்தான். கூரை என்ன சாய்வு, வாசல் எந்தப் பக்கம், முற்றத்து மதில் எவ்வளவு உயரம் என்று அவர்கள் அளந்து பார்க்கிறார்கள். காணிக்கை சுமக்கும் ஆசியாவையும் செங்கோல் ஏந்திய ஐரோப்பாவையும் கலை வரலாற்று வகுப்புகளுக்கு வெளியே கேட்பாரில்லை.